பொம்மைக்கு ஒரு தூரிகை

ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் கட்டுரை எழுத எத்தனையோ பொருள்கள் உண்டு. மொழிப்பற்று, மாணவர் ஒழுக்கம், வாசிப்புப் பழக்கம், பெற்றோர் கடமை என்று நான் மேடைகளில் பலமுறை பேசிய பொருள்களே ஒரு நூலுக்குப் போதும். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு பொம்மையின் கூந்தலை வாருவதற்கு ஏற்ற தூரிகை எது என்று எழுதப் புகுவதைக் கண்டு அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழிலில் இருந்தும் நான் கல்லாதிருந்த பாடமொன்றை அந்தப் பொம்மையும் அந்தத் தூரிகையுமே எனக்குக் கற்பித்தன. ஆதலால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆண்டுக்கொரு முறை, பழுதுற்ற பொருள்களைப் பட்டியலிட்டுக் கழிப்பது வழக்கம். கால் ஒடிந்த நாற்காலி, சுழலாத மின்விசிறி, மை காய்ந்த அச்சுப்பொறி என்று பட்டியல் நீளும். சென்ற ஆண்டு அது என் மேசைக்கு வந்தபோது, பாலர் வகுப்பின் பகுதியில், 'பொம்மை ஒன்று, தலைமுடி சிக்குண்டது, பயன்படுத்த இயலாது' என்றொரு வரி இருந்தது. கையெழுத்திடுமுன் பொருளை நேரில் காண்பது என் வழக்கம். ஆகவே பாலர் வகுப்புக்குச் சென்றேன்.

ஒன்றரை அடி உயரமுள்ள பொம்மை அது. நல்லுள்ளம் கொண்ட ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வகுப்புக்கு அளித்தது. படுக்க வைத்தால் கண்ணை மூடும். எடுத்து நிறுத்தினால் திறக்கும். கைகால்களில் ஒரு பழுதும் இல்லை. இடுப்புவரை தொங்கியிருக்க வேண்டிய கரும்பழுப்புக் கூந்தல் மட்டும் காக்கைக்கூடு போல ஒரே உருண்டையாகத் திரண்டு பிடரியில் ஒட்டிக் கிடந்தது. எத்தனை பிஞ்சு விரல்கள் அதற்குப் பின்னல் போட முயன்று பாதியில் விட்டனவோ!

நான் அதைக் கழிவுப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி என் அருகில் வந்து நின்றாள். அவளைப் பற்றி வகுப்பாசிரியை முன்பே என்னிடம் கூறியிருந்தார். அவள் பேசத் தெரியாதவள் அல்லள். வீட்டில் நன்றாகப் பேசுவாளாம். பள்ளி வாயிலைத் தாண்டினால் வாய் திறவாள். பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவாள். அவள் ஒரு விரலால் பொம்மையின் பாதத்தைத் தொட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவே.

"ஐயா கொண்டுபோய்ச் சரிபண்ணிக் கொண்டு வரேன்மா" என்றேன்.

எண்ணிப் பார்த்துச் சொன்ன சொல் அன்று அது. ஆயினும் ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்ட சொல். பட்டியலில் அந்த வரியைக் கோடிட்டு நீக்கிவிட்டு, பொம்மையை ஒரு துணிப்பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

வீட்டில் என் கைக்கு முதலில் அகப்பட்டது என் துணைவியாரின் தூரிகை. பேச்சு வழக்கில் 'பிரஷ்' என்கிறோமே, அதுதான். ரப்பர் மெத்தை ஒன்றில் பிளாஸ்டிக் முட்களை வரிசையாக நட்டு, ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் சிறு குமிழ் வைத்திருப்பார்கள். பொம்மையை மடியில் கிடத்தி, தூரிகையை அதன் உச்சியில் பதித்துக் கீழ்நோக்கி இழுத்தேன். இரண்டு அங்குலம் சென்றதும் நின்றுவிட்டது. வலிமையைக் கூட்டினேன். 'சரக்'கென்ற ஒலியோடு ஒரு கற்றை முடி தூரிகையோடு வந்தது. மறுபடியும் இழுத்தேன், மறுபடியும் வந்தது.

ஒலி கேட்டு அடுக்களையிலிருந்து வந்த துணைவியார் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னங்க, பொம்மைதானேன்னு இந்த இழு இழுக்கிறீங்க? ஒரு புள்ளையோட தலையா இருந்தா இப்படி இழுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தம் தூரிகையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஏன் தைத்தது என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

ஆசிரியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோற்ற இடத்தில் அவன் படிக்கத் தொடங்குவான். அன்றிரவு தொடங்கி, பொம்மைகளின் கூந்தலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அது ஒரு தனி உலகம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் செய்யப்பட்ட பீங்கான் தலைப் பொம்மைகளுக்கு மனித முடியையோ, மொகேர் எனப்படும் அங்கோரா ஆட்டின் முடியையோ பொய்முடியாக்கிச் சூட்டினார்கள். பிறகு செயற்கை இழைகளின் காலம் வந்தது. 1938-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலான் பொம்மையின் தலைக்கும் ஏறியது. அமெரிக்காவின் டவ் இரசாயன நிறுவனத்தில் 1933-இல் கண்டறியப்பட்ட பொருளொன்றிலிருந்து 'சரான்' என்னும் இழை பிறந்தது. உணவைப் பொதிந்து வைக்கும் மெல்லிய தாளாக அடுக்களைகளில் நெடுங்காலம் வழங்கியதும் அப்பொருளே. 1957-இல் ஜப்பானில் உற்பத்தி தொடங்கிய 'கனெகலோன்' பொய்முடிகளுக்குப் பெயர்பெற்றது. 1959-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி என்னும் பொம்மை அறிமுகமான பின், வாரி முடிக்கத்தக்க கூந்தலுடைய பொம்மை உலகெங்கும் சிறுமியரின் கைக்கு வந்தது. விலை மலிந்த பொம்மைகளுக்கோ, நாம் வாளியும் கயிறும் செய்யும் பாலிபுரோப்பிலீனே கூந்தல்.

முடி தலையில் பொருந்தியிருக்கும் முறையும் இருவகைப்படும். ஒன்று, மென்மையான வினைல் தலையில் துளையிட்டுக் கற்றை கற்றையாக ஊசியால் நட்டது. மற்றொன்று, பொய்முடியாகத் தைத்து அப்படியே ஒட்டியது. முன்னதை வலிந்து இழுத்தால் கற்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின்னதை இழுத்தால் அடித்துணியிலிருந்து தையல் விட்டுப் போகும். மனிதத் தலையில் ஒரு முடி உதிர்ந்தால் இன்னொன்று முளைக்கும். பொம்மையின் தலையில் போனது போனதுதான்.

இங்கேதான் தூரிகையின் கதை தொடங்குகிறது. மனிதனின் தலைத்தோலில் எண்ணெய் ஊறுகிறது. பன்றிமுடியால் ஆன பழைய பாணித் தூரிகை அந்த எண்ணெயை வேரிலிருந்து நுனிவரை பரப்புவதற்காக ஏற்பட்டது. பொம்மைக்குத் தலைத்தோலும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆகவே அத்தூரிகை அதன் கூந்தலின் மேற்பரப்பை வருடுமேயன்றி உள்ளே புகாது. குளிரூட்டிய அறையில் வருடினால் இழைகள் மின்னேறிச் சிலிர்த்து நிற்கவும் கூடும். குமிழ் வைத்த பிளாஸ்டிக் முள் மனிதரின் தலைத்தோலைக் கீறாமலிருக்க அமைந்தது. பொம்மைக்கு அந்தக் காப்பு தேவையில்லை. தேவையற்ற அக்குமிழே இழைகளில் மாட்டிக்கொண்டு அவற்றை நீட்டி அறுக்கிறது. மேலும், நாம் பயன்படுத்தும் தூரிகையைப் பொம்மைக்குப் பயன்படுத்தினால் நம் தலையின் எண்ணெய் அதன் கூந்தலில் ஏறும். செயற்கை இழை எண்ணெயை உறிஞ்சாது. எண்ணெய் மேலேயே தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். என் துணைவியார் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டது எல்லா வகையிலும் நியாயமே.

அப்படியானால் ஏற்ற தூரிகை எது? நான் படித்தும் பின்னர்ச் செய்தும் அறிந்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். பொய்முடி சூட்டிய பெரிய பொம்மைக்குக் குமிழில்லாத உலோகக் கம்பிமுள் தூரிகை ஏற்றது. கம்பி வழுவழுப்பாகவும் முட்கள் இடைவெளி விட்டும் இருப்பதால் அது சிக்கின் ஊடே நழுவிச் செல்லும். பார்பி போன்ற சிறு பொம்மைக்கு அத்தூரிகை பெரிது. சிறிய உலோகச் சீப்போ, நுனி முடிக்கு மென்மையான பல் துலக்கியோ போதும். ஆட்டுமுடி மெல்லியது, அகலப் பல் சீப்பும் விரல்களுமே அதற்குப் போதும். சுருள்முடிப் பொம்மைக்குத் தூரிகையே கூடாது. தூரிகை பட்டால் சுருள் குலைந்து பஞ்சாகிவிடும். நீர் தெளித்து, விரலில் சுற்றிச் சுற்றி விடுவதே அதற்கு முறை. முடியை வண்ணமாகத் தீட்டியிருக்கும் பொம்மைக்கு ஈரத் துணி ஒன்றே போதும். இவை அனைத்துக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: கருவியைத் தேடுமுன் கூந்தலை அறிக.

மறுநாள் மாலை தூரிகை தேடிப் புறப்பட்டேன். அழகுப்பொருள் கடைகள் இரண்டில் குமிழ் வைத்தவையே இருந்தன. கடைசியில், நகரத்தின் பழைய கடைவரிசையில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை ஒன்றில், உருண்டையான மர அடியில் கம்பிமுட்கள் நட்ட தூரிகை ஒன்று தொங்கக் கண்டேன். கடைக்காரச் சீன மூதாட்டி என்னை அடையாளம் கண்டு, "சிக்கு" என்று மரியாதையாக அழைத்து, நாய் என்ன வகை, முடி நீளமா குட்டையா என்று மலாயில் வினவினார். நாயும் இல்லை, பூனையும் இல்லை, பள்ளிக்கூடத்துப் பொம்மை என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் கையில் எடுத்த தூரிகையை வாங்கி வைத்துவிட்டு, முட்களின் நுனி வளையாமல் நேராக நிற்கும் வேறொன்றைத் தேடி எடுத்துத் தந்தார். வளைந்த முள் முகத்தைக் கீறும் என்று தம் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பன்னிரண்டு வெள்ளி கொடுத்து அதை வாங்கினேன்.

வாங்கிய தூரிகையோடு வேலை தொடங்குமுன் செய்முறையையும் படித்துக்கொண்டேன். அதில் இரண்டு விதிகள் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வந்தன. முதலாவது, நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும், உச்சியில் தொடங்கலாகாது. இரண்டாவது, வாரும் இடத்துக்கு மேலே முடியை இடக்கையால் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அப்போது இழுக்கும் விசை கையில் நின்றுவிடும், வேருக்குச் செல்லாது.

அந்த இரண்டாம் விதியைப் படித்ததும் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஏனெனில் அதை நான் முன்பே அறிவேன். எழுத்தில் அன்று, கண்ணால்.

1970-களில், பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் நாங்கள் வாழ்ந்தோம். விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய அம்மா, நான்கு மணிக்கெல்லாம் எழுந்து சமையலை முடித்துவிட்டுத் தங்கையை எழுப்பி உட்கார வைப்பார். தங்கைக்கு அடர்ந்த சுருண்ட முடி. இரவுத் தூக்கத்தில் அது பந்தாய்ச் சுருண்டிருக்கும். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அம்மா 'சிக்குவாரி' என்று தாம் சொல்லும் அகலப் பல் மரச்சீப்பை எடுப்பார். அதற்குப் பிறகு பல் நெருங்கிய சீப்பு, வெள்ளிக்கிழமைகளில் பேன்சீப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையும் ஒரு வேளையும் இருந்தன. பால்வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன இடக்கையால் தங்கையின் கூந்தலை அடியில் பற்றிக்கொண்டு, வலக்கையால் நுனியிலிருந்து சிறிது சிறிதாகச் சிக்கெடுப்பார். தங்கை பாதி உறக்கத்திலேயே இருப்பாள். சிக்கு முழுவதும் எடுத்த பிறகும் அவள் விழிக்காத நாள்களும் உண்டு.

ஒருநாள் நான் கேட்டேன். "ஏம்மா அடியில புடிச்சுக்கிட்டே வாருறீங்க?"

"இழுக்கிறது என் கைக்கு வலிக்கட்டும்டா, அவ தலைக்கு வேணாம்" என்றார் அம்மா.

பின்னாளில் பயிற்சிக் கல்லூரியில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும் எளியதிலிருந்து அரியதற்கும் செல்க என்று விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதியபோது, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்; தேர்விலும் எழுதி நன்மதிப்பெண் பெற்றேன். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பில் திறந்த பிள்ளைகள் இல்லத்தைப் பற்றியும், அங்கே பொத்தான் மாட்டுதல், நாடா கட்டுதல் போன்ற அன்றாடச் செயல்களே பாடமானதைப் பற்றியும் படித்தேன். நுனியில் தொடங்கிய என் அம்மாவின் சீப்பும் அந்த விதியையே சொல்லிற்று என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. கற்றது வேறு, கண்டது வேறு என்று இருந்துவிட்டேன்.

அதன் விளைவை இனிச் சொல்ல வேண்டும். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

1996-ஆம் ஆண்டு. நான் ஆசிரியனாகி நான்காம் ஆண்டு. பணியாற்றிய பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர் பொறுப்பையும் எனக்கு அளித்திருந்தார்கள். திங்கட்கிழமைச் சபைகூடலில் நகம், காலணி, தலைமுடி மூன்றையும் வரிசை வரிசையாகப் பார்வையிடுவேன். இரட்டைச் சடையும் நாடாவுமாய் மாணவியர் நிற்க, நான்காம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்த ஒரு சிறுமி மட்டும் சிக்குப் பிடித்த தலையோடு, முடியை ரப்பர் வளையத்தில் திணித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதல் வாரம் எச்சரித்தேன். இரண்டாம் வாரமும் அவ்வாறே வந்தாள். வரிசையிலிருந்து வெளியே அழைத்து, என் சட்டைப்பையிலிருந்த சீப்பை நீட்டி, "இங்கேயே வாரு. எல்லாரும் பார்க்கட்டும்" என்றேன்.

அது ஆண்களின் குட்டை முடிக்கான நெருங்கிய பல் சீப்பு. அவள் அதை உச்சியில் வைத்து இழுத்தாள். பாதியில் மாட்டிக்கொண்டது. இழுக்கவும் இயலவில்லை, எடுக்கவும் இயலவில்லை. தலையில் சீப்பு தொங்க, கைகளைக் கீழே போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை. அவள் அழவும் இல்லை. வாய் திறக்கவும் இல்லை. அழாத காரணத்தால், அவளுக்கு உறைக்கவில்லை என்றே கருதினேன்.

மூன்றாம் திங்கட்கிழமை அவள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். வெட்டு ஒழுங்காக இல்லை. மேடும் பள்ளமுமாய் இருந்தது. ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது என்று நான் மனநிறைவு கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய தாயார் காலமானார் என்ற செய்தி வந்தது. ஆசிரியர்கள் நால்வர் துக்கம் விசாரிக்கச் சென்றோம். பாட்டி வாயிலில் அமர்ந்திருந்தார். இரு கண்களிலும் புரை படர்ந்திருந்தது. வந்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள் என்று யாரோ சொல்ல, எங்கள் பக்கமாக முகத்தைத் திருப்பிப் பேசினார்.

"மூனு மாசமா ஆஸ்பத்திரியில கெடந்தாங்கய்யா என் மக. அவ இருந்தா புள்ளைக்குத் தலை வாரி விட்டிருப்பா. எனக்குக் கண்ணு தெரியல, சிக்கு எடுக்க முடியல. பள்ளிக்கூடத்துல ஒரு ஐயா ஏசுறாருன்னு ராத்திரியெல்லாம் அழுதிச்சு. நாந்தான் கத்தரிக்கோலால தடவித் தடவி வெட்டி விட்டேன்."

அந்த 'ஒரு ஐயா' எதிரிலேயே நிற்கிறார் என்பது அந்த மூதாட்டிக்குத் தெரியாது. சிறுமி பாட்டியின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். 'இவர்தாம் பாட்டி' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. ஒரு மன்னிப்புச் சொல் என் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் வேறூர் சென்றுவிட்டது. அதன்பின் அவளை நான் கண்டதில்லை.

பல ஆண்டுகளாக இந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம், காரணம் விசாரிக்காமல் தண்டித்தது தவறு என்று மட்டுமே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொம்மையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்த இரவில்தான் அதைவிடப் பெரிய தவறு புலப்பட்டது. அவள் முடிக்குப் பொருந்தாத சீப்பை நான் கொடுத்தேன். உச்சியிலிருந்து இழுக்கச் செய்தேன். வேரைப் பற்றிக்கொள்ள ஒரு கை அவளுக்கு இல்லாத காலத்தில் இழுக்கச் செய்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் அழாததை வலியில்லாமை என்று எடுத்துக்கொண்டேன். பொம்மை அழாது, அதனால் நம் கை எவ்வளவு வலிந்து இழுக்கிறது என்பதை அது நமக்குச் சொல்லாது. பேசாத பிள்ளையும் சொல்வதில்லை. "ஒரு புள்ளையோட தலையா இருந்தா இப்படி இழுப்பீங்களா?" என்று துணைவியார் கேட்டபோது என் நெஞ்சில் ஏன் தைத்தது என்று இப்போது அன்பர்களுக்கு விளங்கும். இழுத்திருக்கிறேன் என்பதே அதற்கு விடை.

பொம்மையின் சிக்கெடுக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின. தெளிப்புக் குப்பியில் நீர் நிரப்பி, துணியை மென்மையாக்கும் திரவத்தில் சில துளிகள் கலந்துகொண்டேன். கூந்தலைச் சிறு சிறு கற்றைகளாகப் பிரித்து, மற்றவற்றைத் துணிக் கவ்விகளால் ஒதுக்கி வைத்தேன். ஒரு கற்றையை நனைத்து, இடக்கையால் அடியில் பற்றி, கடைசி ஓர் அங்குலத்தை மட்டும் கம்பிமுள் தூரிகையால் வாரினேன். அது நேரானதும் அதற்கு மேலே ஓர் அங்குலம். முள் நின்ற இடத்தில் இழுக்காமல், தூரிகையை எடுத்துவிட்டு விரலால் முடிச்சைப் பிரித்தேன். முதல் இரவு முடிந்தபோது இரண்டே கற்றைகள் நேராகியிருந்தன. வெந்நீரும் முடி உலர்த்தும் கருவியும் வேலையை விரைவாக்கும் என்று முதலில் எண்ணினேன். செயற்கை இழை சூட்டில் இளகிச் சுருங்கும் என்பதைப் படித்திருந்தமையால் அந்த ஆசையை அடக்கிக்கொண்டேன். காற்றாட வைத்தே உலர்த்தினேன்.

அத்தனையும் செய்தும், பிடரியில் ஒரு முடிச்சு அவிழவே இல்லை. நான் முதல்நாள் உச்சியிலிருந்து இழுத்து இறுக்கிய முடிச்சு அது. இழைகள் நீண்டு, நெளிந்து, ஒன்றோடொன்று பின்னிப் போயிருந்தன. கடைசியில் அதைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியதாயிற்று. ஏற்ற தூரிகை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. ஏலாத தூரிகையால் முன்பு நேர்ந்ததைப் பின்பு வரும் தூரிகையால் முழுதும் மாற்ற முடிவதில்லை. வெட்டிய இடத்தை மேல்முடியால் மூடி ஒரு பின்னல் போட்டேன். பார்ப்பவர்க்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் பொம்மையையும் தூரிகையையும் பாலர் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். அந்தச் சிறுமியின் பக்கத்தில் பாயில் அமர்ந்துகொண்டேன். ஐம்பதைக் கடந்த முழங்கால்கள் அதற்கு இசையவில்லைதான். பின்னலை அவிழ்த்து, எங்கே பற்ற வேண்டும், எங்கே தொடங்க வேண்டும் என்று ஒன்றும் பேசாமல் செய்து காட்டினேன். பிறகு தூரிகையை அவளிடம் நீட்டினேன். அவள் சிறிது நேரம் அதை வாங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பின்பு வாங்கி, தன் சின்னஞ்சிறு இடக்கையால் பொம்மையின் கூந்தலை அடியில் பற்றினாள். நுனியில் தூரிகையை வைத்தாள், ஒருமுறை இழுத்தாள், நிறுத்தினாள். பொம்மையின் முகத்தருகே குனிந்து, எனக்கே அரைகுறையாய்க் கேட்கும் குரலில், "வலிக்குதா?" என்றாள்.

கேட்டுவிட்டு, விடைக்காகக் காத்திருந்தாள். பொம்மை விடை கூறாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் காத்திருந்தாள். அதன் பிறகே அடுத்த முறை வாரினாள்.

அன்றோடு அந்தப் பிள்ளை பேசத் தொடங்கிவிட்டாள் என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையாகாது. வகுப்பில் அவள் இன்னும் கையைத்தான் உயர்த்துகிறாள். பொம்மையோடு மட்டும் பேசுகிறாள். ஆசிரியை அதைக் காணாதவர் போல் இருந்துவிடுகிறார். அவர் என்னினும் நல்லாசிரியை. நானும் இப்போது திங்கட்கிழமைகளில் வரிசையைப் பார்வையிடும்போது கலைந்த தலையொன்று கண்ணில் பட்டால் நின்றுவிடுவதில்லை. சபை கலைந்தபின் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, 'வீட்டில் யார் தலை வாரி விடுகிறார்கள்?' என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, அந்தச் சிறுமியைப் போலக் காத்திருக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன். விடை வருவதற்குச் சில வேளைகளில் நெடுநேரம் ஆகிறது. வராமலும் போகிறது.

பொருள் பதிவேட்டில் பாலர் வகுப்பின் பக்கத்தில் இப்போது இரண்டு வரிகள் உள்ளன. ஒன்று, 'பொம்மை ஒன்று, நல்ல நிலை.' மற்றது, 'தூரிகை ஒன்று, கம்பிமுள், குமிழில்லாதது.' இரண்டையும் என் கையாலேயே எழுதினேன்.